முதல் வாடகை வீடும் ஒழுகிய மூலையும்

ஊரில் எங்களுடையது ஓட்டு வீடு. கோவில்பட்டிப் பக்கம் மழை குறைவுதான். ஆனாலும் ஐப்பசியில் ஒரு பாட்டம் அடித்தால் அடுப்படியில் சொட்டும். அப்பா ஏணியைச் சாத்தி மேலே ஏறி, நகர்ந்த ஓட்டைத் தள்ளி வைத்துவிட்டு இறங்குவார். அதோடு சரி. வீடு ஒழுகினால் அதை ஒருவரிடம் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும், பதில் வராவிட்டால் திரும்பவும் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் 24 வயதில் சென்னையில் வாடகைக்குக் குடிபோன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

2023 ஜூனில் ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வீடு தேடினோம். நான் பெருங்குடியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஒருத்தி நர்ஸ். இன்னொருத்தி ஆடிட்டர் ஆபீசில் இருந்தாள். மூவரில் யாருமே அதற்கு முன் வாடகை வீட்டில் இருந்ததில்லை. டு-லெட் போர்டு பார்த்து ஏறிய படிகளில் பாதி வீட்டில் "பேச்சிலர்ஸுக்குக் கொடுக்கிறதில்லம்மா" என்றார்கள். மீதி வீடுகளில் என்ன சாப்பிடுவீர்கள், யார் யார் வந்து போவார்கள், நைட் ஷிஃப்ட் முடிந்து எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேள்வி. பதினொரு வீடு பார்த்தோம். பன்னிரண்டாவதாக மடிப்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு. வாடகை 16,000. உரிமையாளர் கோயம்புத்தூரில் மகனோடு இருந்தார். அன்று அதற்காகவே வந்திருந்தார். "எனக்கும் பொண்ணு இருக்கும்மா. சார்னு எல்லாம் கூப்பிட வேணாம், அங்கிள்னே கூப்பிடுங்க" என்றார். எங்களுக்குக் கண் கலங்காத குறை.

இதை விவரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் நாங்கள் ஆறு வாரம் கண்டிப்பாக எதையும் கேட்காமல் இருந்ததற்கு இந்த நன்றி உணர்ச்சிதான் முதல் காரணம். மாதம் 16,000 ரூபாய் கொடுத்துக் குடியிருக்கும் நாங்கள், அவர் வீட்டு விருந்தாளி போல நடந்துகொண்டோம்.

வீட்டைப் பார்த்தது நல்ல வெயில் நேரம். புது டிஸ்டம்பர் வாசனை. பெரிய படுக்கையறையில் ஒரு மூலை மட்டும் மற்ற சுவர்களைவிட வெள்ளையாக இருந்தது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன். நமக்காகப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். இன்றைக்கு ஒரு வீட்டில் ஒரு மூலை மட்டும் புது வெள்ளையாக இருந்தால் அங்கேதான் முதலில் கையை வைத்துப் பார்ப்பேன்.

அட்வான்ஸ் ஒரு லட்சம் கேட்டார். பேசி 80,000 ஆக்கினோம். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பதினொரு மாத ஒப்பந்தம், 20 ரூபாய் முத்திரைத்தாளில். அவரே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார். ஜெராக்ஸ் கடை வாசலில் நின்றுகொண்டு, பின்னால் வண்டி ஹாரன் அடிக்க, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம். நான்கு பக்கத்தில் நான் படித்தது வாடகையும் தேதியும்தான். ஏழாவது பிரிவில் 'காலி செய்யும்போது பெயின்ட் செலவுக்கு ஒரு மாத வாடகை பிடித்தம் செய்யப்படும்' என்று இருந்ததை அடுத்த வருஷம்தான் படித்தேன்.

அக்டோபர் கடைசியில் முதல் நல்ல மழை. மறுநாள் காலையில் அந்த வெள்ளை மூலையில் தோசை அளவுக்கு ஒரு ஈரம் தெரிந்தது. போட்டோ எடுத்து அங்கிளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "மழைக்காலம்தானேம்மா, காய்ஞ்சிடும்" என்று பதில் வந்தது. காயவில்லை. ஒரு வாரத்தில் பெயின்ட் உப்பி, தொட்டால் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே காரை மாவு மாதிரி இருந்தது. ஓதம் சுவரில் இறங்கி, ஒட்டியிருந்த கப்போர்டுக்குள் போனது. தீபாவளிக்கு ஊருக்குப் போக நான் எடுத்து வைத்திருந்த கறுப்புச் செருப்பில் வெள்ளையாகப் பூசணம். துணியெல்லாம் மக்கிய வாடை. நர்ஸ் தோழிக்குச் சின்ன வயதில் இருந்த வீசிங் திரும்ப வந்தது.

போன் செய்தேன். "ஆள் அனுப்புறேன்மா." யாரும் வரவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. மெசேஜில் நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அடுத்த வாரம் எடுத்து, "நான் அடுத்த மாசம் நேர்ல வர்றேன், பார்த்துக்கலாம்" என்றார். எல்லாமே பேச்சு. எந்தத் தேதியில் என்ன சொன்னார் என்று எங்களிடம் ஒரு வரிகூட எழுத்தில் இல்லை. ஒவ்வொரு முறையும் "தொந்தரவுக்கு மன்னிக்கணும் அங்கிள்" என்றுதான் நான் பேச்சைத் தொடங்கினேன்.

நவம்பர் கடைசி வாரம் ஒரு ராத்திரி, அந்த அறையின் சுவிட்ச் போர்டிலிருந்து 'சுர்ர்' என்று மெலிதாகச் சத்தம் கேட்டது. முதலில் பூச்சி என்று நினைத்தோம். விளக்கைப் போடப் போன ஆடிட்டர் ஆபீஸ்காரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கீழ் வீட்டு அக்காவிடம் டெஸ்டர் வாங்கி வந்தோம். போர்டுக்கு ஒரு சாண் தள்ளி ஈரச் சுவரில் அதன் முனையை வைத்ததும் உள்ளே இருந்த சின்ன பல்பு சிவப்பாக எரிந்தது. சுவரிலேயே கரண்ட். இந்தச் சுவரில் சாய்ந்துகொண்டுதான் முந்தின நாள் வரைக்கும் போன் பேசினேன்.

மெயினை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தோம். காலையில் தெருமுனை எலக்ட்ரீஷியன் அண்ணா வந்து போர்டைக் கழற்றினார். உள்ளே தண்ணீர் முத்து முத்தாக நின்றது. "இந்த ரூம் லைனையே கட் பண்ணி வெச்சிட்றேன்மா. செவுரு காயற வரைக்கும் போர்டுல கை வைக்காதீங்க" என்றார். மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ட்ரிப்பரே இல்லையே" என்று தலையில் கை வைத்தார். கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் தானாக அணைக்கும் அந்தக் கருவி இல்லாமலேயே வீட்டை வாடகைக்கு விட்டிருந்தார்கள். எர்த் கம்பி பெட்டிவரை வந்து எதிலும் சேராமல் தொங்கிக்கொண்டு இருந்தது.

வாடகைக்குப் போகும் ஒவ்வொருவரிடமும் நான் முதலில் சொல்வது இதைத்தான். சுவர் ஈரமாகி, அதில் சுவிட்ச் போர்டும் இருந்தால் அன்றைக்கே அந்த அறையின் லைனை அணையுங்கள். உரிமையாளர் பதில் சொல்லும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை இது. எலக்ட்ரீஷியன் கூலியை யார் கொடுப்பது என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

அதன்பின் மிக்ஜாம் புயல். டிசம்பர் 3 ராத்திரி பிடித்த மழை 4-ஆம் தேதி முழுக்க விடவில்லை. வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் எல்லாம் வெள்ளக்காடு. எங்கள் தெருவில் இடுப்பளவுத் தண்ணீர். கரண்ட் இல்லை, போன் சிக்னலும் இல்லை. நர்ஸ் தோழி டியூட்டிக்குப் போனவள் வர முடியாமல் ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் ஹாலில் படுத்திருந்தோம். விடியற்காலையில் 'தொப்'பென்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், மேல்தளக் காரை ஒரு பெரிய தாம்பாளம் அளவுக்குப் பெயர்ந்து நர்ஸ் தோழியின் கட்டிலில் விழுந்திருந்தது. தலையணை மேல் கையளவுத் துண்டு ஒன்று. மேலே துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. தலையணையை எடுத்து உதறக்கூட எங்களுக்குக் கை வரவில்லை.

6-ஆம் தேதி சாயங்காலம் சிக்னல் வந்தது. அங்கிளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்து கிடந்தது. "5-ஆம் தேதி ஆகிவிட்டது. வாடகை வரவில்லை." எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை இல்லை.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில், இனிமேல் வாடகையே கொடுக்கக் கூடாது என்று சொன்னேன். என் ஆபீஸில் இரண்டு பேர் அதைத்தான் சொன்னார்கள். ஆடிட்டர் ஆபீஸ்காரிதான் தடுத்தாள். அவள் இரண்டு ராத்திரி உட்கார்ந்து தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தைப் படித்தாள். 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. 1960-ஆம் வருஷத்துப் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. அவள் படித்துச் சொன்ன முதல் விஷயமே, இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் நம்மைக் காலி செய்யச் சொல்ல அவருக்கு அதுவே காரணமாகிவிடும் என்பது. நியாயம் நம் பக்கம் இருக்கும்போது வாடகையை நிறுத்தி, வழக்கை அவர் கையில் கொடுக்கக் கூடாது என்றாள். அன்றே வாடகையைப் போட்டோம். குறிப்பில் 'டிசம்பர் வாடகை' என்று எழுதிப் போட்டோம்.

அவள் சொன்ன இரண்டாவது விஷயத்தைத்தான் நான் குடிபோகும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். வீட்டில் எந்த ரிப்பேர் யாருடைய பொறுப்பு என்று அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் ஒரு பட்டியலே இருக்கிறது. கட்டடத்தின் கட்டுமான ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல் பெயின்ட், குழாய் லைன் மாற்றுவது, மின் வயரிங் எல்லாம் உரிமையாளருடையது. குழாய் வாஷர், குழாய், சிங்க், கீசர், சுவிட்ச், பிளக், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை, சாக்கடை அடைப்பு போன்றவை குடியிருப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியவை. உரிமையாளர் தன் பங்கு ரிப்பேரைச் செய்ய மறுத்தால், நாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தி யாரையும் மிரட்டக் கூடாது என்றும் இருக்கிறது. அட்வான்ஸ்கூட, வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. நாங்கள் கொடுத்தது ஐந்து மாதம். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பதை ஊர் வழக்கம் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டுவிட்டோம்.

பட்டியலைப் படித்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதுவரை எங்கள் வீட்டில் இருந்த குறை எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி அங்கிளிடம் புலம்பிக்கொண்டு இருந்தேன். சமையலறைக் குழாய் சொட்டுவது, பாத்ரூம் தாழ்ப்பாள் சரியாக விழாதது, கூரை ஒழுகுவது எல்லாம் ஒரே மெசேஜில். தாழ்ப்பாளுக்கும் சேர்த்துப் புலம்புகிறவள் என்று அவர் என்னை நினைத்ததில் ஆச்சரியம் இல்லை. வாஷரையும் தாழ்ப்பாளையும் நாங்களே 200 ரூபாய்க்குள் மாற்றினோம். கூரையும் வயரிங்கும் மட்டும் மிச்சம்.

மூன்றாவதாக அவள் செய்தது, கடிதம். "போன்ல பேசினது எல்லாம் காத்துல போச்சு. பேப்பர்ல எழுதுவோம்" என்றாள். நான் 'அன்புள்ள அங்கிள்' என்று தொடங்கினேன். அதை அடித்துவிட்டு 'வீட்டு உரிமையாளர் அவர்களுக்கு, வணக்கம்' என்று எழுதினாள். அந்த ஒரு வரி மாறியதும் அதற்குக் கீழே வந்த எல்லா வரிகளும் மாறிவிட்டன. கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

'தங்கள் வீட்டின் இரண்டாம் மாடியில் 2023 ஜூன் 10 முதல் வாடகைக்கு இருக்கிறோம். இன்று வரை வாடகை பாக்கி எதுவும் இல்லை. அக்டோபர் 30 முதல் பெரிய படுக்கையறையின் மேல்தளத்தில் நீர் கசிகிறது. நவம்பர் 29 அன்று ஈரச் சுவரில் மின்கசிவு ஏற்பட்டு அந்த அறையின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டுள்ளது. டிசம்பர் 5 அதிகாலை மேல்தளக் காரை பெயர்ந்து கட்டிலில் விழுந்தது. இதுபற்றி இதுவரை ஒன்பது முறை போனிலும் வாட்ஸ்அப்பிலும் தெரிவித்துள்ளோம். தேதி வாரியான விவரமும் 12 புகைப்படங்களும் இத்துடன் உள்ளன. மேல்தளம், மின் வயரிங் ஆகிய இரண்டும் சட்டப்படி தங்கள் பொறுப்பில் வருபவை. மின் வேலை ஆபத்தானது என்பதால் 7 நாட்களுக்குள்ளும், மேல்தள வேலையை மழை நின்ற பின் 30 நாட்களுக்குள்ளும் செய்து தர வேண்டுகிறோம். தங்களால் இயலாவிட்டால் நாங்களே செய்து, ரசீதுடன் வாடகையில் கழித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பதிலை எழுத்தில் தெரிவிக்கவும்.'

மூன்று பேரும் கையெழுத்துப் போட்டு, நகல் எடுத்துக்கொண்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினோம். 2025-இல் பதிவுத் தபாலை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள். இப்போது அனுப்புகிறவர்கள் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, கொடுத்ததற்கான சான்றும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் அனுப்பினோம். தபால் செலவு நூறு ரூபாய்கூட ஆகவில்லை.

தேதி வாரியான விவரத்துக்கு நாங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். எப்போது போன் செய்தோம் என்று மூன்று பேரின் கால் லிஸ்டிலும் தேடினோம். பழைய போட்டோ சிலவற்றை இடம் போதவில்லை என்று நான் அழித்திருந்தேன். ஒரு நோட்டில் அன்றன்றைக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பேசி முடித்ததும், 'நீங்கள் சொன்னபடி சனிக்கிழமை கொத்தனார் வருவார், காத்திருக்கிறோம்' என்று ஒரு மெசேஜ் தட்டிவிட்டால் அந்தப் பேச்சும் எழுத்தாகிவிடும். இந்த இரண்டாவது பழக்கத்தை இன்றுவரை விடவில்லை.

நாலாவது நாள் அவரே கூப்பிட்டார். குரலில் கோபம். "என்னம்மா, வக்கீல் நோட்டீஸ் மாதிரி அனுப்பியிருக்கீங்க? மூணு பொம்பளப் பிள்ளைகளுக்கு யாரும் வீடு கொடுக்காதப்ப நான் கொடுத்தேன்." எனக்குக் கை நடுங்கியது. பழைய நானாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன். முன்னாடியே பேசி வைத்திருந்தபடி, "வீடு கொடுத்தது உதவிதான் சார். நாங்களும் மாசம் தவறாம வாடகை கொடுக்கிறோம். காரை விழுந்த கட்டில்ல அன்னைக்கு எங்க ஃப்ரெண்ட் இல்ல, அவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "போட்டோல பார்த்தேன்" என்றார். நங்கநல்லூரில் இருக்கும் தன் அக்காவை அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வைத்தார்.

அந்த அம்மா மறுநாளே வந்தார். எழுபதை நெருங்கும் வயது. இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவர், கட்டிலைப் பார்த்தார், மேலே கம்பியைப் பார்த்தார், என் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவுன்னு அவன் சொல்லலையேம்மா" என்றார். அங்கிருந்தபடியே தம்பிக்குப் போன் போட்டு அவர் பேசிய பேச்சில் எங்கள் வேலை பாதி முடிந்தது. ஒன்பது முறை கோயம்புத்தூருக்குப் பேசிய நேரத்தில், உள்ளூரில் அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை விசாரித்து நேரில் கூட்டிவந்து காட்டியிருக்கலாம். கண்ணால் பார்த்தவர்கள் பேசுவது வேறு மாதிரி இருக்கிறது.

உரிமையாளர் மின் வேலையை "நீங்களே செஞ்சுக்கோங்க, வாடகையில கழிச்சுக்கலாம்" என்றார். அதை மெசேஜில் அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டோம். ட்ரிப்பர், எர்த் இணைப்பு, புதுப் போர்டு, கூலி எல்லாம் சேர்த்து 5,800 ரூபாய். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் 2,900 வீதம் கழித்து, கடையின் பில்லையும் எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட்ட ரசீதையும் அனுப்பினோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

கூரை வேலை பொங்கலுக்குப் பிறகு நடந்தது. மழையில் மேல்தளத்துக்கு எதைப் பூசினாலும் நிற்காது, தளம் நன்றாகக் காய வேண்டும் என்று கொத்தனார் சொன்னார். மழைக்காலம் முடியும் வரை மாடியில் தார்ப்பாய் போட்டு ஓரத்தில் செங்கல் வைத்ததே எங்களால் முடிந்தது. நான் கொத்தனாரோடு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். ஒழுகும் மூலைக்கு நேர் மேலே ஒரு விரிசலும் இல்லை. "தண்ணி எங்கயோ இறங்கும்மா, எங்கயோ வந்து சொட்டும்" என்று சொல்லிக்கொண்டே அவர் எதிர் ஓரத்துக்குப் போனார். மழைநீர்க் குழாயின் வாயை வேப்பிலைச் சருகு அடைத்திருந்தது. தண்ணீர் வடிய வழியில்லாமல் நாள்கணக்கில் நின்று, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில் தட்டோட்டுச் சந்துகள் வழியாக இறங்கியிருக்கிறது. சந்துகளைக் கீறிச் சுத்தம் செய்து அடைத்து, மேலே இரண்டு கோட்டிங் அடித்தார்கள். அறைக்குள் துருவைச் சுரண்டிக் கம்பிக்குப் பூச்சு கொடுத்துக் காரை பூசினார்கள். முடிந்ததும் குழாய் வாயைத் துணியால் அடைத்து, மாடியில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் நிறுத்திப் பார்த்தார்கள். கீழே நான் நாலு தடவை போய் மேலே பார்த்தேன். சொட்டவில்லை. அந்தச் சருகை ஐப்பசிக்கு முன் ஒருவர் பத்து நிமிஷம் செலவழித்து அள்ளியிருந்தால் கட்டிலில் காரை விழுந்திருக்காது. அதை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

வாடகை அதிகாரியிடம் ஏன் போகவில்லை என்று சிலர் கேட்டார்கள். அந்தச் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. வாடகை அதிகாரி, அதற்கு மேல் வாடகை நீதிமன்றம், தீர்ப்பாயம் என்று அமைப்பே இருக்கிறது. ஒப்பந்தத்தை இணையத்தில் பதிவு செய்து எண்ணும் வாங்கலாம். எங்கள் ஒப்பந்தம் பதிவாகவில்லை. பதினொரு மாதம் என்றால் எதுவும் தேவையில்லை என்றுதான் ஜெராக்ஸ் கடைவரைக்கும் எல்லோரும் சொன்னார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிய ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தம்தான் கட்டாயம், அந்தக் கணக்கில் வந்த வழக்கம் இந்தப் பதினொரு மாதம். வாடகை அதிகாரியிடம் பதிவது வேறு. அதற்கு இந்தப் பதினொரு மாதக் கணக்கு பொருந்தாது. குடிபோகும்போதே பதியச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் அதையும் ஒரு தகவலாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடிதத்துக்கும் பதில் வராமல் இருந்திருந்தால் நாங்கள் கட்டாயம் போயிருப்போம்.

2024 மே மாதம் ஒப்பந்தம் முடிந்ததும் காலி செய்தோம். ஒரு மாதம் முன்பே எழுத்தில் சொன்னோம். எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொல்ல முடியாது. அந்த ஏழாவது பிரிவைக் காட்டி 16,000 பிடிப்பேன் என்றார். ஓதம் அடித்துச் சுவர் போனது எங்களால் இல்லையே என்று வாதாடி 8,000 ஆகக் குறைத்தோம். கையெழுத்துப் போட்டிருந்ததால் அதற்குமேல் பேச வாய் வரவில்லை. ஜன்னல் கண்ணாடி விரிசலுக்கும் பணம் கேட்டார். குடிபோன அன்று நர்ஸ் தோழி விளையாட்டாக எடுத்த வீடியோ ஒன்றில் அந்த விரிசல் தெரிந்தது. அனுப்பியதும் விட்டுவிட்டார். வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்பது சட்டம். எங்களுக்கு இரண்டு தவணையாக ஐந்து வாரத்தில் வந்தது.

சாவியைக் கொடுத்துவிட்டு இறங்கும்போது தெருமுனை இஸ்திரிக் கடை அண்ணா, "அந்த மூலை இப்ப சரியாயிடுச்சாம்மா?" என்று கேட்டார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். "உங்களுக்கு முன்னாடி இருந்த புருஷன் பொஞ்சாதியும் மழைக்குத்தானே காலி பண்ணாங்க" என்றார். ஒரு வருஷமாக வாரம் இரண்டு முறை அவரிடம் துணி கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

போன வருஷம் சித்தி மகள் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தாள். நன்மங்கலம் பக்கம் அவளோடு வீடு பார்க்கப் போனேன். வீட்டுக்குள் நுழையும் முன் இஸ்திரிக் கடையைத் தேடினோம். மழைக்குத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, முன்னாடி இருந்தவர்கள் ஏன் போனார்கள் என்று கேட்டோம். முதல் வீட்டை வாசலிலேயே விட்டுவிட்டோம். இரண்டாவது வீட்டில் கப்போர்டைத் திறந்து மோந்து பார்த்தேன். பரணில் டார்ச் அடித்தேன். சுவரை விரல் முட்டியால் தட்டினேன், உள்ளே பொள்ளலாக இருந்தால் சத்தமே காட்டிக்கொடுக்கும். குழாய் மூக்கில் உப்பு படிந்திருக்கிறதா என்று பார்த்து, எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தோம். ஈபி மீட்டர் தனியாக இருக்கிறதா, பெட்டியில் ட்ரிப்பர் இருக்கிறதா என்று பார்த்து, டெஸ்ட் பட்டனை அழுத்தி அது விழுகிறதா என்றும் சரிபார்த்தேன். மாடிக்குப் போய் மழைநீர்க் குழாயின் வாயைப் பார்த்தேன். வீட்டுக்காரம்மா, "என்னம்மா, இன்ஜினியரா?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, உட்காரவைத்து மோர் கொடுத்தார்.

ஒப்பந்தத்தை முந்தின நாளே வாங்கிவந்து ராத்திரி படித்தோம். பெயின்டுக்கு ஒரு மாத வாடகை என்று அதிலும் இருந்தது. 'குடியிருப்பவரால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும், ரசீதின்படி' என்று மாற்றிக் கேட்டோம். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டுப் பேனாவால் அடித்து எழுதி, பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள்.

குடிபோன அன்று ராத்திரி பதினொரு மணிக்குத் தங்கச்சியிடமிருந்து 14 நிமிஷ வீடியோ ஒன்று வந்தது. பால் காய்ச்சிய பாத்திரம் இன்னும் அடுப்பிலேயே இருந்தது. ஒவ்வொரு சுவராக, ஒவ்வொரு ஜன்னலாகத் தேதி சொல்லிக்கொண்டே எடுத்திருந்தாள். கடைசியில் பாத்ரூமில் ஷவரைக் காட்டி, "அக்கா, இது சொட்டுது. இப்பதான் வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்பிட்டு உனக்கு அனுப்புறேன்" என்றாள்.